மூன்று பூட்டு மருந்து

லுகோசி ஊரில் எதையாவது காப்பாற்ற வேண்டுமென்றால் இரும்புப் பெட்டிக்குள் வைத்து மூன்று பூட்டுப் போட்டுவிடுவார்கள். சாவிகள் மூன்றும் மூன்று வீட்டில் இருக்கும். ஒருவருக்குப் புத்தி கெடலாம், இருவருக்குச் சேர்ந்தே கெடலாம், மூன்று பேருக்கும் ஒரே நாளில் கெடாது என்பது ஊரின் நம்பிக்கை. சீட்டுப் பணத்தை வருஷக்கணக்காக அப்படித்தான் வைத்திருந்தார்கள். அதனால் அந்த வருஷம் கடைசி மருந்தையும் அப்படியே வைத்தார்கள்.

கடைசி மருந்து என்றால், அன்றைக்கு ஊருக்கு எட்டியதில் நிஜமாகவே கடைசி. ஊர் தக்காளியை நம்பிப் பிழைப்பது. இரிங்கா மலையிலிருந்து இறங்குகிற லாரிகள் நெடுஞ்சாலையோரக் கொட்டகையில் நின்று, மரப்பெட்டி மரப்பெட்டியாகத் தக்காளி ஏற்றிக்கொண்டு கடலோரப் பட்டணமான தார் எஸ் ஸலாமுக்குப் போகும். அதெல்லாம் ஊசிப்புழு வருவதற்கு முந்தைய கதை. இலையின் மேல்தோலுக்கும் அடித்தோலுக்கும் நடுவே புகுந்து வெள்ளை வெள்ளையாகக் கோடு இழுத்து, காம்பு வழியாகக் காய்க்குள் போய்க் குடியேறிவிடும் அந்தப் புழுவுக்கு ஊர் வைத்த பெயர் ‘போய்ச்சொல்லு’. ஒரு தோட்டத்தில் தலைகாட்டினால் மறுவாரமே பள்ளம் முழுக்கத் தன் வரவைத் தானே தமுக்கடித்துக்கொள்ளும்.

மஞ்சள் மூடி மருந்து அடித்தார்கள். முதல் வருஷம் செத்தது. மறுவருஷம் கொஞ்சம் தள்ளாடியது. அதற்கடுத்த வருஷம் மருந்தில் குளித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தது. பிறகு நீல மூடி, பிறகு சிவப்பு மூடி, பிறகு எல்லா மூடியையும் திறந்து ஒரே டேங்கில் கலந்து அடித்தார்கள். புழு சௌக்கியமாகத்தான் இருந்தது. அடித்தவர்களுக்குத் தலை சுற்றியது.

அப்போதுதான், புழு இன்னும் பார்க்காத ஒரு புதுமருந்தோடு திட்டம் வந்தது. ‘தக்காளிப் பூச்சிகளின் மருந்து எதிர்ப்புத்திறன் மேலாண்மைக்கான சமூகப் பங்கேற்புத் திட்டம்’ என்று பெயர். சொல்லி முடிப்பதற்குள் ஒரு லாரிக்கு லோடு ஏற்றிவிடலாம். கொண்டுவந்தவர் விவசாய அலுவலர் ம்வாசும்பி. விவசாய அலுவலரை அந்த நாடு முழுக்கத் ‘தோட்டத்துரை’ என்றுதான் கூப்பிடும். ம்வாசும்பிக்குச் சொந்தமாகத் தோட்டம் கிடையாது. துரைத்தனத்துக்கு மட்டும் குறைவில்லை.

ஆனால் விஷயம் தெரியாதவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. இந்தப் பூச்சி விவகாரத்தையே படித்துப் பட்டம் வாங்கியவர். தக்காளிக் கொட்டகையில் ஊரைக் கூட்டி வைத்து அவர் பேசிய பேச்சு எல்லோருக்கும் விளங்கியது.

“ஒரே மருந்தத் திரும்பத் திரும்ப அடிச்சா சாகுறது செத்துடும். சாகாத நாலு புழு மிஞ்சும் பாருங்க, அது கல்யாணம் கட்டிக் குடும்பம் நடத்தும். பொறக்குறதெல்லாம் அப்பன் ஆத்தா மாதிரியே மருந்துக்கு மசியாமப் பொறக்கும். அதனால இந்தப் புதுமருந்தப் பூட்டி வைக்கணும். காய் பிடிக்கிற சமயத்துல மட்டும் எடுத்து, ஊரே ஒரே நாள்ல அடிக்கணும். அடிச்சதும் மறுபடி பூட்டு. மத்த நாள்ல வேப்பங்கரைசல், கையால பொறுக்குறது, கவர்ச்சிப் பொறி.”

“அது என்னங்க பொறி?” என்று கேட்டார் தக்காளிக்கு மரப்பெட்டி அறையும் செபெதாயோ.

“பொட்டப் பூச்சி வாசனைய ஒரு டப்பால வெச்சா ஆண் பூச்சியெல்லாம் வந்து விழும்.”

“எங்க ஊர் ஆண் பூச்சிங்களுக்கு மூங்கில் கள்ளு வாசனை போதும். வெச்சுப் பாருங்க, டப்பா நிறைஞ்சிடும்” என்றாள் ஒதிலியா. கூட்டம் சிரித்தது. ஆண் பூச்சிகளும் சிரித்தன.

சாவி வைத்திருக்க மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். தோட்டத்துரை ஒருவர். ஒதிலியா இன்னொருத்தி. புருஷன் சுரங்க வேலைக்கென்று போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்ட பிறகு, பள்ளத்தில் இருக்கும் தக்காளிப் பாத்தி ஒன்றைத் தவிர அவளுக்கு வேறு பிழைப்பில்லை. அவள் வாய்க்குப் பயந்தே சாவி பத்திரமாக இருக்கும் என்று ஊர் நினைத்தது. மூன்றாவது ஆள், அவளுடைய அக்காள் புருஷன் கஸ்பார் கிஹ்வேலே. அவனைக் குழுவின் செயலாளர் ஆக்கினார்கள். திட்டத்தின் பெயர் மூன்று வரியில் அச்சடித்த தொப்பி ஒன்றும் கொடுத்தார்கள். அன்றிலிருந்து கஸ்பார் தும்முவதற்கு முன்பும் ஒரு தடவை தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

திட்டம் என்றால் செயல்விளக்கத் திடல் ஒன்று வேண்டும். தக்காளி விளைவது கீழே பள்ளத்தில், ஈரம் நிற்கிற இடத்தில். ஆனால் பார்வையிட வருகிறவர்களின் கார் பள்ளத்துக்கு இறங்காது. அதனால் கார் நிற்கிற இடத்துக்குத் தக்காளியை ஏற்றினார்கள். நெடுஞ்சாலை ஓரம், கொட்டகைக்கு எதிரே, குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்த திடல். அதன் முன்னால் நட்ட பெயர்ப்பலகையின் நிழலில் பாதித் திடல் அடங்கியது.

மாவட்டத்திலிருந்து முதல் கார் வருவதற்கு முந்தின நாள் ம்வாசும்பி மூன்று சாவிக்காரர்களையும் திடலுக்குக் கூப்பிட்டார். இலைகளில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தது.

“பூச்சி மேலாண்மைத் திடல்ல பூச்சி இருந்தா வர்றவங்க என்ன நினைப்பாங்க?”

“பூச்சி இருக்குன்னு நினைப்பாங்க” என்றாள் ஒதிலியா.

“ஒரே ஒரு தடவைம்மா. கையகல எடம். ஊருக்குத்தான் நல்லது.”

அவள் கஸ்பாரைப் பார்த்தாள். கஸ்பார் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். “ஒரு தடவைதான, புள்ள” என்றான். பெட்டி திறந்தது. கஸ்பாரே டேங்கை முதுகில் மாட்டி அடித்தான். புழுக்கள் கொத்துக்கொத்தாகச் செத்தன. மாவட்டத்தார் வந்தார்கள், பச்சைப் பசேலென்ற செடிகளுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், ஆட்டுக்கறி வறுவல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். செயலாளரின் கையைக் குலுக்கிய அதிகாரி, “நீங்கதான் இந்த வட்டாரத்துக்கே வழிகாட்டி” என்றார். கஸ்பார் அன்று முழுக்க அந்தக் கையால் மண்ணைத் தொடவில்லை.

மாவட்டம் மெச்சியதும் மண்டலம் வந்தது. மண்டலம் மெச்சியதும் பணம் கொடுக்கிற வெளிநாட்டார் வந்தார்கள். அவர்கள் மெச்சியதும் பக்கத்து மாவட்டத்து விவசாயிகள் பஸ் பிடித்து வந்தார்கள். பிறகு கல்லூரி மாணவர்கள். ஒவ்வொரு கார் வருவதற்கு முன்னாலும் பெட்டி திறந்தது. பள்ளத்தில் இருந்த தக்காளிக்குத்தான் காய்ப் பருவம் என்று ஒன்று உண்டு. திடலுக்குக் கார் வருகிற வாரமெல்லாம் பருவம்தான்.

நாலைந்து தடவைக்கு அப்புறம் ஒதிலியா இடுப்புத் துணியில் முடிந்திருந்த சாவியைக் கையால் பொத்திக்கொண்டாள்.

“இனிமே அவுக்க மாட்டேன். சாகாத நாலு புழு குடும்பம் நடத்தும்னு நீங்கதான சொன்னீங்க? இப்ப ரோட்டோரமா பங்களா கட்டிக் குடுத்துல்ல வெச்சிருக்கீங்க.”

ம்வாசும்பி கோபப்படவில்லை. படித்தவர். அடுத்த கூட்டத்தில், மருந்தைச் சுழற்சி முறையில் மாற்றுவது போலப் பொறுப்புகளையும் சுழற்சி முறையில் மாற்றுவதுதான் ஜனநாயகம் என்று பேசினார். யாரும் மறுக்கவில்லை. ஒதிலியா இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து மேஜை மேல் போட்டாள். அது தற்காலிகமாகக் கஸ்பாரிடம் வந்தது. தற்காலிகம் எதுவரை என்று கேட்கிற ஒரே ஆளிடமிருந்துதான் சாவியைப் பிடுங்கியிருந்தார்கள்.

பள்ளத்தில் நிலைமை வேறு. அங்கே விதி என்றால் விதி. யார் பாத்தியிலாவது மருந்து வாசனை வருகிறதா என்று கஸ்பார் சாயங்காலங்களில் வரப்பு வரப்பாக மூக்கை நீட்டிக்கொண்டு நடந்தான். ஊர் வேப்பிலையை இடித்துக் கரைத்து ஊற்றியது, குனிந்து குனிந்து புழு பொறுக்கியது. இலை போனாலும் பரவாயில்லை, காய் பிடிக்கிற நாளில் பெட்டி திறக்கும், ஒரே அடியில் எல்லாம் ஒழியும் என்று பொறுத்துக்கொண்டது.

ஒதிலியாவின் நாற்று மற்றவர்களுடையதைவிட முன்னதாக நட்டது. அவளுக்குப் பூவும் முன்னதாக வந்தது, புழுவும் முன்னதாக வந்தது. ஒருநாள் காலையில் வரப்பில் கஸ்பாரை வழிமறித்தாள். முந்தானை நிறையச் சருகாகிப்போன இலைகள்.

“மச்சான், எனக்கு மட்டும் ஒரு டேங்குக்குத் தொறங்க. பிஞ்செல்லாம் ஓட்டையாவுது.”

“எல்லாரும் ஒரே நாள்லதான் அடிக்கணும். தெரியும்ல?”

“அப்போ திடலு?”

“அது செயல்விளக்கம்.”

“என் தோட்டத்துலயும் செயல் இருக்கு மச்சான், வெளக்கந்தான் இல்ல. ரெண்டு பேரக் கூட்டியாந்து படம் புடிக்கச் சொல்லவா? கறி வறுத்துப் போடுறேன்.”

“ஒனக்குத் தொறந்தா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க. சொந்தக் கொழுந்தியாளுக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமான்னு கேப்பாங்க.”

“கேக்கட்டுமே. பதில் சொல்லத்தான ரெண்டு சாவி வெச்சிருக்கீங்க.”

கஸ்பாருக்கு உண்மையிலேயே வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அது விதியைக் காப்பாற்றுகிறவனுக்கு வருகிற வருத்தம். உள்ளே கொஞ்சம் தித்திக்கும். “பொறுத்துக்க புள்ள. அந்த நாள் வரட்டும், ஒரு புழு மிஞ்சாது” என்று சொல்லிவிட்டு நடந்தான். மறுநாள் வானொலிக்காரர்கள் வருவதாக இருந்தது. திடலுக்கு அடிக்க வேண்டும்.

அந்த நாளும் வந்தது. கொட்டகையில் பேனர் கட்டினார்கள். மாவட்டத்திலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்து முதல் டேங்கை மாட்டிக்கொண்டார். வார் அவருடைய வயிற்றைச் சுற்றி எட்டாததால் கஸ்பார் பின்னால் நின்று தாங்கிப் பிடித்தான். டேங்கில் தண்ணீர்தான் இருந்தது. பெரிய மனிதர்கள் மேல் மருந்து படக் கூடாது. கைதட்டல் முடிந்ததும் பெட்டி திறந்து, ஆளுக்கு அளந்து ஊற்றினார்கள். பள்ளம் முழுக்க ஒரே சமயத்தில் பம்பு அடிக்கிற சத்தம் கேட்டது. ஒதிலியாவும் அடித்தாள். பாதிச் செடி போய்விட்டாலும் மீதிப் பாதியில் காய் இருந்தது. அதைப் பிழைக்க வைத்துவிட்டால் வருஷம் ஓடிவிடும். அவள் ஒவ்வொரு இலையாகத் திருப்பித் திருப்பி அடித்ததைக் கஸ்பார் தன் பாத்தியிலிருந்து பார்த்தான்.

இரண்டு நாள் கழித்து அவன் தன் செடியில் ஒரு இலையைப் பறித்து, நகத்தால் தோலைக் கீறினான். புழு உள்ளே இருந்தது. செத்திருக்கும் என்று உள்ளங்கையில் போட்டான். அது தலையைத் தூக்கிப் பார்த்தது. பிறகு, கொஞ்சமும் அவசரமில்லாமல், கட்டைவிரலை நோக்கி நடக்க ஆரம்பித்தது. அடுத்த இலை, அதற்கடுத்த இலை, அடுத்த பாத்தி. செபெதாயோவின் தோட்டத்திலும் அதே கதை. ஒதிலியாவின் தோட்டத்துக்கு அவன் போகவில்லை. வரப்பில் நின்றபடியே தெரிந்தது. அவள் செடிகளுக்கு நடுவே சும்மா உட்கார்ந்திருந்தாள்.

ஊர் மறுபடி அடித்தது. புழு மறுபடி நடந்தது. வாரம் முடிவதற்குள் காயெல்லாம் ஊசி குத்தினாற்போல் துளை விழுந்து, லாரிக்காரர்கள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு ஏற்றாமலே வண்டியை எடுத்தார்கள்.

ம்வாசும்பி வந்தார். கஸ்பாரைச் சாலையோரக் கடைக்கு அழைத்துப்போய் உருளைக்கிழங்கும் முட்டையும் வாங்கிக் கொடுத்தார். அவன் தொடவில்லை. அவர் சாப்பிட்டுக்கொண்டே பேசினார்.

“மசியாத புழு திடல்லேருந்துதான் கெளம்பிருக்கு. எனக்குத் தெரியாதா கஸ்பார், நான் படிச்சதே இதுதான்.”

“தெரிஞ்சேவா சார் அடிக்கச் சொன்னீங்க?”

“பூச்சி தின்ன தோட்டத்தக் காட்டினா எவன் பணம் குடுப்பான்? பணம் நின்னா மருந்து எங்கேருந்து வரும்? நீயே சொல்லு.” உருளைக்கிழங்கை உப்பில் தோய்த்தார். “இப்பக் கேளு. திடல்தான் காரணம்னு மேல போச்சுன்னா திட்டத்த மூடிடுவாங்க. ஒனக்கும் இல்ல, எனக்கும் இல்ல, ஊருக்கும் இல்ல. ஆனா ஒரு ஆள் திருட்டுத்தனமா அடிச்சாங்க, சமூகமே கண்டுபுடிச்சுத் தண்டிச்சுதுன்னு போச்சுன்னா அது திட்டத்தோட வெற்றி. அடுத்த வருஷத்துக்கு வேற வகை மருந்து ஒண்ணு வரிசைல இருக்கு. புழுவுக்கு அது இன்னும் பழக்கமில்ல. லுகோசிக்குத்தான்னு நான் பேசி வெச்சிருக்கேன்.”

“யார் அடிச்சாங்கன்னு சொல்றது?”

ம்வாசும்பி தட்டில் மிச்சமிருந்த முட்டையை வழித்தார். “சாவிய வேண்டாம்னு தூக்கிப் போட்ட ஆள் யாரு? எதுக்குப் போடணும்?”

கூட்டம் கொட்டகையிலேயே நடந்தது. தேவாலயத்திலிருந்து பெஞ்சுகள் வந்தன. ம்வாசும்பி யாருடைய பெயரையும் சொல்லவில்லை. மருந்து ஏன் பலிக்கவில்லை என்று பழைய பேச்சையே திரும்பப் பேசினார். யாரோ காலத்துக்கு முன்னால் திரும்பத் திரும்ப அடித்துப் புழுவைப் பழக்கிவிட்டார்கள் என்றார். முதலில் பூ வந்தது யார் தோட்டம், முதலில் புழு வந்தது யார் தோட்டம், மருந்து கேட்டு வழிமறித்தது யார், சாவியை உதறியது யார் என்று கேள்வி கேள்வியாக அடுக்கிவிட்டுத் தண்ணீர் குடித்தார். முன்வரிசையில் ஒவ்வொரு தலையாகத் திரும்பியது.

ஒதிலியா எழுந்தாள். “நான் அடிச்சிருந்தா என் தோட்டம் ஏங்க மொதல்ல போச்சு? பெட்டிச் சாவி ரெண்டு யார்கிட்ட இருந்துச்சு? ரோட்டோரம் வாரா வாரம் டேங்க் மாட்டிக்கிட்டு நின்னது யாரு? செயலாளரு வாயில முத்தா வெச்சிருக்காரு? கேளுங்க.”

எல்லோரும் கஸ்பாரைப் பார்த்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து அவன் மனைவி ரெகினாவும் பார்த்தாள். அடுத்த வருஷ மருந்து என்ற ஒன்றைத் தவிர அவனுக்கு அப்போது எதுவும் நினைவில்லை. தன் பாத்தி, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வெறும் லாரிகள். இதெல்லாம் அந்த ஒரு பாட்டிலுக்குள் இருப்பதாகத் தோன்றியது. தொப்பியையும் நினைத்தான். கடைசியாகத்தான் நினைத்தான், ஆனால் நினைத்தான்.

கனைத்துக்கொண்டான். “திடல்ல நடந்தது ஆராய்ச்சி” என்றான். “அது வேற.”

ஒதிலியா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

தண்டனையை ம்வாசும்பி முன்மொழிந்தார். குழுவிலிருந்து நீக்கம். இனிமேல் வருகிற மருந்தில் பங்கு கிடையாது. பள்ளத்தில் மருந்தில்லாமல் தக்காளி வைப்பது புழுவுக்கு விருந்து வைப்பது என்று எல்லோருக்கும் தெரியும். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார். கஸ்பார் தூக்கினான். பக்கவாட்டில் பார்க்க அவனுக்குப் பயமாக இருந்தது. பார்த்தபோது கொட்டகை முழுக்கக் கைகளாக இருந்தன. ம்வாசும்பி கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தார். சமூகப் பங்கேற்பு.

“கைய இன்னும் கொஞ்சம் ஒசத்துங்க மச்சான்” என்றாள் ஒதிலியா. “தொப்பி மறைக்குது.”

சொல்லிவிட்டு வெளியே போனாள். ரெகினா எழுந்து தங்கச்சியின் பின்னாலேயே போனாள். கூட்டம் அடுத்த விஷயத்துக்கு நகர்ந்தது. தலைநகரிலிருந்து ஒரு குழு, சமூகக் கண்காணிப்பு எப்படி வெற்றி பெற்றது என்று பார்க்க வருகிறதாம். கறி யார் வீட்டில் வறுப்பது என்று பேசினார்கள்.

முடிந்ததும் பெஞ்சுகளைத் தேவாலயத்துக்குத் திருப்பித் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு பெஞ்சின் முன்பக்கம் செபெதாயோ, பின்பக்கம் கஸ்பார்.

“பாவம் அந்தப் புள்ள” என்றார் செபெதாயோ.

“விதின்னு ஒண்ணு இருக்குல்ல அண்ணே.”

“இருக்கு, இருக்கு.” கொஞ்ச தூரம் நடந்தார். “நீ திடல்ல அடிக்கிறப்பல்லாம் நான் எதுத்தாப்புல பெட்டி அறைஞ்சிக்கிட்டுத்தான இருந்தேன். காத்து எம் பக்கம் அடிக்கும். வீட்டுக்குப் போயும் கண்ணு எரியும்.”

கஸ்பார் நின்றான். பெஞ்சு இழுத்ததில் செபெதாயோவும் நின்றார்.

“ஒங்களுக்குத் தெரியுமா?”

“பட்டப்பகல்ல ரோட்டு மேல டேங்க் மாட்டிக்கிட்டு நின்னா தெரியாம? லாரிக்காரனுக்கே தெரியும்டா. ஊர்ல யாருக்குத் தெரியாது?”

“அப்புறம் எதுக்குக் கை தூக்குனீங்க?”

“நீ எதுக்குத் தூக்குன?”

கஸ்பாரிடம் அதற்குப் பதில் இருந்தது. எல்லோரிடமும் அதே பதில்தான் இருந்தது என்பதால் சொல்லத் தேவைப்படவில்லை. பெஞ்சு மறுபடி நகர்ந்தது.

“அடுத்த வருஷ மருந்து நல்லாக் கேக்குமாமா?” என்றார் செபெதாயோ, முகத்தைத் திருப்பாமல்.

“கேக்கும்ங்கறாரு.”

“தொரைகிட்டப் பேசுறப்ப இன்னொண்ணும் காதுல போட்டு வையி. அவ பாத்தி இனி சும்மாதான கெடக்கும். தண்ணி நிக்கிற எடம். என் பாத்திய ஒட்டித்தான் இருக்கு.”